கல்லும் கனலும்: வெட்டவெளிச் சமையலைப் பற்றிய ஒரு விசாரணை

வீட்டு முற்றத்திலோ, மொட்டை மாடியிலோ, தோட்டத்திலோ நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, அவர்கள் கண்ணெதிரே சமைத்துச் சுடச்சுடப் பரிமாற வேண்டும் என்ற ஆசை இந்நாளில் நகரவாசிகளிடையே விசேஷமாகப் பரவியிருக்கிறது. ஆசை வந்த கையோடு ஒரு தர்மசங்கடமும் வந்து சேருகிறது. கரித்தணலின் மேல் கம்பிச் சட்டத்தைப் பொருத்திப் பதார்த்தங்களை வாட்டுகிற ‘பார்பிக்யூ’ அடுப்பை வாங்குவதா, அல்லது அடியில் எரிவாயுச் சுவாலையும் மேலே வழவழப்பான இரும்புப் பலகையுமாக விளங்குகிற ‘கிரிடில்’ என்னும் தட்டைக்கல்லை வாங்குவதா என்பதே அது. பணமும் இடமும் தாராளமாக உள்ளவர்கள் இரண்டையும் வாங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு இக்கட்டுரையால் பிரயோஜனமில்லை. ஒன்றுக்குத்தான் வழியுண்டு என்றிருக்கும் பெரும்பாலோரை உத்தேசித்தே இவ்விஷயம் இங்கே பரிசீலிக்கப்படுகிறது.

கனலின் கட்சிக்காரர்கள் ருசியைப் பேசுகிறார்கள். கல்லின் கட்சிக்காரர்கள் சௌகரியத்தைப் பேசுகிறார்கள். ஒருவர் கேட்பதற்கு மற்றவர் பதில் சொல்வதில்லையாதலால் வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக நீண்டுகொண்டே போகிறது. இரு தரப்பாரும் கவனியாமல் விட்டுவிடும் ஓர் அற்ப விஷயத்தில்தான் இவ்வழக்கின் உயிர்நிலை இருக்கிறதென்பது என் அபிப்பிராயம். வேகும் உணவிலிருந்து உருகி வழிகிற கொழுப்பும் சாறும் எங்கே போய்ச் சேருகின்றன என்பதுதான் அந்த விஷயம். ருசி, புகை, தேக ஆரோக்கியம், அடுப்பைத் துப்புரவாக்கும் வேலை ஆகிய எல்லாம் இதிலிருந்து கிளைப்பவையே.

பழமையைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாமென்றால் அதற்கும் இடமில்லை; இரண்டுமே பழமையானவை. கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள், நெருப்புக்குமேல் குச்சிகளாலான பரண் ஒன்றைக் கட்டி அதன்மேல் மீனையும் இறைச்சியையும் வாட்டியதைப் பதினாறாம் நூற்றாண்டில் அங்கே சென்ற ஸ்பானியர்கள் கண்டு எழுதிவைத்தார்கள்; பார்பிக்யூவின் வம்சாவளி அங்கிருந்து தொடங்குகிறது. ஆனால் நெருப்பில் ஊன் சுடுவதை அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியிருக்கவில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த விருந்திலே இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட ஊன் வருகிறது; அல்லும் பகலும் அதைத் தின்று தின்று பல் மழுங்கிப்போயிற்று என்று பாடகன் சலித்துக்கொள்ளும் அளவுக்கு வருகிறது. கல்லின் வம்சமும் இளைத்ததன்று. மெக்ஸிகோவில் சோள ரொட்டி சுடும் ‘கோமால்’ என்ற தட்டும், எத்தியோப்பியாவில் ‘இஞ்ஜிரா’ வார்க்கும் மண்கல்லும், நம் வீட்டுத் தோசைக்கல்லும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை.

இன்று கடைகளில் விற்கும் உருவங்களுக்கு வயது அதிகமில்லை. மோட்டார் வண்டி செய்த ஹென்றி ஃபோர்டு, வண்டிகளுக்காக அறுத்த மரத்தின் கழிவு வீணாகப் போவதைச் சகியாமல், 1920களில் மிச்சிகன் மாகாணத்தில் அதைக் கரிக்கட்டிகளாக்கி விற்க ஏற்பாடு செய்தார். அமெரிக்கர்களின் கொல்லைப்புறத்துக்குக் கரி மலிவாக வந்து சேர்ந்ததில் அந்த மிச்சம் பிடிக்கும் புத்திக்கும் பங்குண்டு. 1952இல் சிக்காகோவில் ஓர் உலோகப் பட்டறையைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், காற்றும் சாம்பலும் தம் சமையலைப் பாழாக்குவது கண்டு, அப்பட்டறையில் நீர் மிதவைகள் செய்வதற்கென்று இருந்த அரைக்கோளங்களில் ஒன்றைக் கிண்ணமாகவும் மற்றொன்றை மூடியாகவும் வைத்து ‘வெபர்’ அடுப்பை உண்டாக்கினார். கல்லின் பக்கத்தில், ஜப்பானில் கோபே நகரத்து ‘மிஸோனோ’ உணவகம் 1945 முதல் இரும்புப் பலகைமேல் விருந்தினரின் கண்ணெதிரே மாட்டிறைச்சி சமைத்துத் ‘தெப்பன்யாகி’ என்ற முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது. அண்மைக் காலத்தில் அமெரிக்க யூட்டா மாகாணத்திலிருந்து வந்த ‘பிளாக்ஸ்டோன்’ கல் அந்நாட்டுக் கொல்லைகளில் வெபரின் சிம்மாசனத்தை அசைத்துப் பார்க்கிறது. ஆஸ்திரேலியர்களோ இந்தச் சச்சரவையே அறியாதவர்கள் போல, பூங்காதோறும் பொதுஜனங்களுக்காக மின்சாரத்தால் சூடேறும் தட்டைக்கற்களை நாட்டிவைத்து, அவற்றையே பார்பிக்யூ என்று அழைத்து, அவற்றின்மேல் ஸாஸேஜையும் வெங்காயத்தையும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உஷ்ணத்தின் போக்கைப் பார்ப்போம். தணலுக்கும் உணவுக்கும் நடுவே வெறும் காற்றுவெளிதான் இருக்கிறது. அந்த வெளியைத் தாண்டி உஷ்ணம் பிரதானமாகக் கதிர்வீச்சாகவே வந்து சேருகிறது. கதிர்வீச்சின் அளவு தனி வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப உயரும் என்பது பௌதிகத்தில் ஸ்டெபான், போல்ட்ஸ்மான் என்ற இருவர் பெயரால் வழங்கும் விதி. நன்றாகக் கனிந்த கரியின் வெப்பம் 700 டிகிரி சென்டிகிரேடு என்றும், தட்டைக்கல்லின் வெப்பம் 220 டிகிரி என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், சம பரப்பிலிருந்து கரி வீசும் உஷ்ணம் கல் வீசுவதைப்போல் சுமார் 15 மடங்காகிறது. ஆகவே கோழித் தொடையைப் போல மேடும் பள்ளமுமாய், எலும்பும் மூட்டுமாய் இருக்கும் வஸ்துவானாலும், தணலின் பார்வைக்கு நேராக இருக்கிற ஒவ்வோர் இடமும் சிவக்கிறது. கல் அப்படியன்று, அது தொட்ட இடத்தில்தான் கொடுக்கும். அதே கோழித் தொடையைக் கல்லில் போட்டால் மூன்று நான்கு இடங்களில் கருகியும், ஏனைய இடங்களில் வெளிறியும், எலும்போரத்தில் வேகாமலும் நின்று சமைப்பவரைத் தலைகுனியச் செய்கிறது. ஆனால் தட்டையான பண்டத்துக்குக் கல்லைப் போன்ற உபகாரி வேறில்லை. தோசையோ, அடையோ, பரோட்டாவோ, துண்டம் போட்ட வஞ்சிரமோ, முட்டையோ, அதன் அடிப்பரப்பு முழுவதும் இரும்போடு ஒட்டிக் கிடக்குமாதலால் ஓரம் முதல் நடுவரை ஒரே பொன்னிறமாகச் சிவக்கிறது. அந்தப் பொன்னிறம் 1912இல் பிரெஞ்சு ரசாயனி மெய்யார் விவரித்த மாறுதலின் பயன். சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் அது சுறுசுறுப்பாக நடக்கும், ஈரம் இருக்குமட்டும் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது.

கல்லின் பக்குவத்தை நம் வீட்டுப் பெண்மணிகள் வெப்பமானியின்றியே சோதிப்பதை ஊன்றிக் கவனித்தால் பௌதிக சாஸ்திரம் ஒன்று அங்கே நடைபெறுவது தெரியும். விரல் நுனியால் தெளித்த நீர் மெல்லச் சலசலத்துச் சுண்டினால் கல் இன்னும் காயவில்லை. சுர்ரென்று ஒரு கணத்தில் மறைந்தால் தோசைக்கு ஏற்ற சூடு. துளி மறையாமல் முத்தாகத் திரண்டு கல்லின்மேல் ஓடி விளையாடினால் சூடு மிஞ்சிவிட்டது. துளியின் அடியில் உண்டான நீராவியே அதைத் தாங்கிக்கொண்டு ஓடச் செய்கிறது. 1756இல் ஜெர்மானியரான லெய்டன்ஃபிராஸ்ட் ஒரு நூலில் விவரித்து, இன்றளவும் அவர் பெயரால் வழங்கிவரும் விளைவு இதுதான். அந்த நிலையில் மாவை ஊற்றினால் அது கரண்டியோடு சுருண்டு வந்துவிடுமென்பதால், இன்னும் கொஞ்சம் நீர் தெளித்து, வெட்டின வெங்காயத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கல்லைத் தணிக்கிறார்கள். கரியடுப்பில் இவ்வளவு நுட்பமான அதிகாரம் சமைப்பவருக்குக் கிடையாது. அங்கே தணலைக் கூட்டுவதும், குறைப்பதும், ஒரு பக்கம் ஒதுக்குவதும், சட்டத்தை ஏற்றுவதும், விசிறுவதுமே உபாயங்கள். எல்லாம் நிதானமாகப் பலிப்பவை.

முன்னே சொன்ன கொழுப்பின் விஷயத்துக்கு இப்போது வருவோம். கம்பிச் சட்டத்தின்மேல் கிடக்கும் இறைச்சியிலிருந்து கொழுப்பு உருகித் தணலில் சொட்டுகிறது. சொட்டியது ஆவியாகிப் புகையாகி மேலே எழுந்து, தான் பிரிந்து வந்த இறைச்சியின் மேலேயே படிகிறது. ‘கரி மணம்’ என்று நாம் நாக்கைச் சப்புக்கொட்டிச் சொல்வதில் பெரும் பகுதி கரியின் மணமன்று. நன்றாகக் கனிந்த கரிக்கு மணம் மிகச் சொற்பம். அந்த வாசனை கொழுப்பின் வாசனை. கொழுப்பில்லாத புடலங்காயையோ பூசணியையோ எண்ணெய் தடவாமல் தணலில் வாட்டி எடுத்துப் பார்த்தால் இது ருஜுவாகும். ஜப்பானிய ‘யாகிதோரி’ கடைக்காரர்கள் வாகாயாமா பிரதேசத்து ‘பிஞ்சோதான்’ என்ற வைரம் பாய்ந்த கரியை விரும்புவதற்கும் காரணம் அது தன் மணத்தைக் கொடுப்பதன்று. புகையாமல், நீண்ட நேரம் ஒரே நிதானத்தில் கனல்வதுதான். புகைக்குக் கோழித்தோலின் நெய் இருக்கிறது.

இந்தச் சொட்டு அளவோடு இருந்தால் அமிர்தம், அளவு மீறினால் சுவாலை குப்பென்று எழும்பிப் பதார்த்தத்தின் மேல் கரும்புகை அப்பி, கசப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் உண்டாகும். இதில் அர்ஜென்டீனர்கள் செய்திருக்கும் யுக்தி பாராட்டத்தக்கது. அவர்களுடைய ‘பார்ரில்யா’ அடுப்புகள் பலவற்றில் கம்பிகள் உருண்டையாக இல்லாமல் சிறு வாய்க்கால்களைப் போல மடிக்கப்பட்டு, முன்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும்; கொழுப்பின் பெரும் பகுதி தணலில் விழாமல் அவ்வாய்க்கால்களில் ஓடி முன்னுள்ள தொட்டியில் சேர்ந்துவிடும். விறகைத் தனியே ஓர் இரும்புக் கூண்டில் எரித்து, உதிரும் தணலை மட்டும் வாரி அடியில் பரப்பி, சுவாலையே இல்லாமல் மணிக்கணக்கில் மாட்டு விலாவை வாட்டுகிறார்கள். அதே நாட்டுச் சமையல் நிபுணர் பிரான்ஸிஸ் மால்மான் தம் நூலில் விளக்கும் ஏழு நெருப்பு முறைகளில் ‘சாப்பா’ என்ற இரும்புப் பலகைக்கும் இடம் கொடுத்திருக்கிறார். கனலில் ஊறிய ஜாதியார்கூடக் கல்லை ஒதுக்கிவிடவில்லை.

கல்லின்மேல் உருகும் கொழுப்பு எங்கும் போய்விடுவதில்லை. அங்கேயே தேங்கிச் சமையல் எண்ணெயாகிறது. இறைச்சி தன் நெய்யிலேயே பொரிகிறது. பக்கத்தில் அள்ளிப் போட்ட வெங்காயமும் குடைமிளகாயும் அந்த நெய்யை வாங்கிக்கொள்கின்றன. முட்டையை உடைத்து ஊற்றினால் அதுவும் பங்கு கேட்கிறது. கொத்து பரோட்டாவின் ரகசியம் முழுவதும் இதுதான். மதுரையிலானாலும் கொழும்பிலானாலும், சால்னாவும் முட்டையும் வெங்காயமும் பரோட்டாத் துணுக்குகளும் ஒரே கல்லில் கொத்துண்டு, ஒன்றன் சாறு மற்றொன்றில் இறங்குவதால் வரும் ருசி அது. அதைக் கம்பிச் சட்டத்தில் செய்ய முயல்பவர் பரோட்டாவை நெருப்புக்குத் தானம் செய்தவராவார்.

நம்மவர் சமையலுக்கு இன்னொரு விசேஷச் சிக்கல் உண்டு. மேல்நாட்டார் எழுதும் ஒப்பீடுகளில் இது காணப்படுவதில்லை. அவர்கள் உப்பும் மிளகுத்தூளும் தூவி இறைச்சியைத் தணலில் வைக்கிறார்கள். நாமோ மிளகாய், மஞ்சள், இஞ்சி, பூண்டு, சோம்பு எல்லாவற்றையும் அரைத்துக் கெட்டியாகப் பூசுகிறோம். இந்த ஈர மசாலா 700 டிகிரித் தணலுக்கு நேராக நிற்கச் சக்தியற்றது. உள்ளே மீன் வேகுமுன் வெளியே மிளகாய் கருகிக் காறிவிடுகிறது, அல்லது மசாலா கம்பியில் ஒட்டிக்கொண்டு மீன் மட்டும் நிர்வாணமாகக் கையில் வருகிறது. வடநாட்டார் தந்தூரில் இதைச் சமாளிப்பது தயிரில் ஊறவைப்பதால். தயிர் ஒரு போர்வையாக நின்று மசாலாவைக் காக்கிறது. சிங்கப்பூர்க் கடைகளில் ‘இகான் பாக்கார்’ என்ற பெயரில் சுட்ட மீன் விற்பவர்களிலும் பலர், சம்பால் அப்பிய திருக்கை மீனை வாழையிலையில் வைத்துச் சூடான இரும்புப் பலகையின்மேலேதான் வேகவைக்கிறார்கள். கேரளத்தார் கரிமீனை இலையில் பொதிந்து கல்லில் பொள்ளிப்பதும் இதே யுக்தி. மசாலா பூசி மீன் வறுக்கிற குடும்பத்துக்குக் கல்லே உசிதமென்று இந்த ஒரு காரணத்தைக் கொண்டே சொல்லிவிடலாம்.

ஆனாலும் கல்லுக்கு எட்டாத பிரதேசம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தென்மாகாணங்களில் பார்பிக்யூ என்றால் நெருப்பில் வாட்டுவதே அன்று. மூடிய அடுப்பில், விறகுப் புகையில், 110 முதல் 120 டிகிரியளவு மிதமான சூட்டில், பன்னிரண்டு மணி நேரம் போல இறைச்சியைக் கிடத்துவது. டெக்ஸாஸில் மாட்டின் மார்புக்கறியை இப்படிச் சமைக்கிறார்கள். அதிலுள்ள முரட்டு ஜவ்வு நிதானமாகக் கரைந்து கொழகொழப்பாகிவிட, கறி விரல் பட்டால் பிரிகிறது. மூடியுள்ள கரியடுப்பில் தணலை ஒருபுறமும் கறியை மறுபுறமும் வைத்து ஓரளவு இதைச் செய்யலாம். கல்லில் தலைகீழாக நின்றாலும் செய்ய முடியாது. முழுக்கோழி, ஆட்டுத்தொடை, முழு மீன் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. மரக்கறி உண்பவருக்கும் கனலால் ஆகவேண்டிய காரியங்கள் உண்டு. கொத்சுக்குக் கத்தரிக்காயைத் தோல் கருகச் சுடுவதும், அப்பளம் சுடுவதும், மெரினாவில் விசிறிவிட்டு மக்காச்சோளக் கதிரை வாட்டி எலுமிச்சை மூடியால் உப்புக்காரம் தேய்ப்பதும் நெருப்பின் வேலைகளே. அதே மெரினாவில் சற்றுத் தள்ளி, மிளகாய் பூசிய மீன் அகன்ற இரும்புக் கல்லில் பொரிந்துகொண்டிருக்கிறது. எது எதற்கென்று அந்தக் கடைக்காரர்களுக்கு ஒரு சந்தேகமுமில்லை.

கரியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் அடுப்புக்கரியில் கணிசமான பங்கு ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிச் சீமைகளில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, நாட்கணக்கில் புழுங்கவிட்டு எடுக்கிற கரிமூட்டத்திலிருந்து வருகிறது. டெக்ஸாஸ்காரர்கள் பெருமையோடு எரிக்கும் ‘மெஸ்கீட்’ மரமும் நம் வயல்களை ஆக்கிரமித்ததென்று நாம் வைகிற இந்தச் சீமைக்கருவேலும் நெருங்கிய பங்காளிகள் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். நல்ல கரிக்காக வெளிநாட்டுப் பொட்டலம் வாங்க வேண்டிய அவசியம் தமிழருக்கு இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்காமல், வரட்டியோ சிரட்டையோ கொண்டு மூட்டி, மேலே சாம்பல் பூக்கிறவரை அரைமணி பொறுத்தால் போதும். அந்த அரைமணிப் பொறுமை விருந்தாளிகளுக்கும் இருக்க வேண்டும்.

ஆரோக்கியத்தில் கல்லுக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஆனால் கல் கட்சியார் சொல்லுமளவுக்கு இல்லை. தணலில் விழும் கொழுப்பின் புகையில் பென்ஸோபைரீன் முதலிய பொருள்கள் உண்டாகி இறைச்சியில் படிகின்றன. பென்ஸோபைரீனைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. கல்லில் இந்தப் புகை சொற்பம். ஆனால் இறைச்சி கடும் சூட்டில் கருகும்போது உள்ளேயே தோன்றுகிற வேறு வகைத் தீங்குப் பொருள்கள் கல்லென்றும் கனலென்றும் பேதம் பாராட்டுவதில்லை. அடிக்கடி புரட்டுதல், முன்னதாக ஊறவைத்தல், கருகியதை நறுக்கி எறிதல் ஆகிய மூன்றும் இரண்டிற்கும் பொது. நச்சுவாயு விஷயத்தில் மட்டும் கரியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மழை வந்துவிட்டதென்று கரியடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ தூக்கிக்கொண்டு வருவது உயிருக்கு உலை வைப்பதாகும்.

பராமரிப்பில் இரண்டும் உழைப்புக் கேட்கின்றன, வெவ்வேறு நேரத்தில். கல் முதலில் கேட்கிறது. புதுக்கல்லைக் கஞ்சித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, எண்ணெய் தடவிக் காயவைத்து, மறுபடி தடவிக் காயவைத்துப் பழக்க வேண்டும்; சூட்டில் எண்ணெய் இறுகி மெல்லிய கரும்படலமாக இரும்போடு ஒட்டிக்கொண்ட பிறகே அது ஒட்டாத கல்லாகிறது. பழகியபின் வேலை லேசு. சூட்டோடு நீர் தெளித்துச் சுரண்டி எண்ணெய்த் துணியால் துடைத்தால் முடிந்தது. மழையில் நனையவிட்டால் மட்டும் துரு வட்டியும் முதலுமாக வசூலித்துவிடும். கரியடுப்பு ஒவ்வொரு தடவையும் கடைசியில் கேட்கிறது. சாம்பல் அள்ளுதல், கம்பி தேய்த்தல், விடியும்வரை உயிரோடிருக்கும் தணலுக்குக் காவலிருத்தல். கம்பித் தூரிகையின் இழை உதிர்ந்து உணவோடு வயிற்றுக்குள் போன விபத்துகளும் உண்டாகையால், தேய்த்தபின் ஈரத்துணியால் துடைப்பது அவசியம்.

கூட்டத்துக்குச் சமைப்பதில் எது மேலென்பதற்கு நீண்ட வாதம் வேண்டியதில்லை. எந்தப் பரோட்டாக் கடையிலும் சாயங்காலம் ஏழு மணிக்கு நின்று பார்த்தால் போதும்.

இவ்வளவையும் சீர்தூக்கி என் தீர்ப்பைச் சொல்கிறேன். ஆண்டில் இரண்டு மூன்று முறை, முழுக்கோழியும் ஆட்டுத்தொடையும் வாட்டுவதற்காகவே, அரைநாள் அவகாசத்தோடு அடுப்பு மூட்டுகிறவர் கனலையே நாட வேண்டும். அவர் கல் வாங்கினால் வருந்துவார். மற்றபடி வாராவாரம் குழந்தைகளும் பெரியவர்களும் புலால் உண்போரும் உண்ணாதோருமாக உட்காரும் தமிழ்க் குடும்பத்துக்கு, மசாலா மீனும் அடையும் முட்டையும் பன்னீரும் ஒரே மாலையில் ஆகவேண்டிய இடத்துக்கு, புகை என்று மேல்வீட்டார் ஜன்னலைச் சாத்தும் அடுக்குமாடிக்கு, கல்லே தகுந்தது. வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். மெல்லிய தகடு சூட்டில் வளைந்து எண்ணெயை ஒரு மூலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கனத்த இரும்பாக, ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பில், இடவலமாக இரண்டு தனித்தனிச் சுவாலையும் கொழுப்பு வடிய ஒரு வாயும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.